எழுபது வளைவும் இரண்டு சம்பந்திகளும்

நவம்பர் 15, வெள்ளி

காலையில் தூறல். மோட்டார் அறையில் எலி வயரைக் கடித்திருந்தது, மாற்றினேன். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்த காலத்தில் தினமும் பதிவேட்டில் பழுது என்ன, சரிசெய்தது என்ன, மிச்சம் என்ன என்று எழுதுவோம். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை, இந்த டைரியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் படிக்கப் போவதில்லை. என் மனைவி சுலோச்சனாவுக்கு என் கையெழுத்து புரியாது.

இன்றைக்கு மிச்சம் ஒன்று இருக்கிறது. மருமகள் மிருதுளாவுக்குப் பல்லடத்திலிருந்து வரன் வந்திருக்கிறதாம். கால்நடை மருத்துவராம். முதல் கல்யாணம் விவாகரத்தில் முடிந்தவராம். குணமானவராம். எல்லாமே மிருதுளாவின் அம்மா போனில் சுலோச்சனாவிடம் சொன்னது. "பவானி மாமா அவர் வாயால சரின்னு சொன்னாத்தான் நான் சம்மதிப்பேன்" என்று மிருதுளா சொல்லிவிட்டாளாம். பவானியில் இருப்பதால் நான் அவளுக்குப் பவானி மாமா. அதைக் கேட்கத்தான் அவளுடைய அப்பா தெய்வசிகாமணி ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்திலிருந்து நேரில் வருகிறார்.

மிருதுளாவைக் கட்டிய என் மகன் நந்தகுமார் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவன் ஏறாத மலை கிடையாது. கடைசியில் வீட்டுக்குப் பக்கத்தில் பைபாஸில், மேடு பள்ளம் இல்லாத ரோட்டில், பால் வாங்கப் போனவன் திரும்பவில்லை. கல்யாணமாகி ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

"அவரு கேட்டாருன்னா சரின்னு சொல்லிப்போடுங்க" என்றாள் சுலோச்சனா.

"முதல்ல கேக்கட்டும்" என்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

சம்பந்தி பத்து மணி பஸ்ஸில் வந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர், ஊரில் பம்புசெட் கடை வைத்திருக்கிறார். வாசலில் "நீங்க முன்னால போங்க", "இல்லீங்க, நீங்க போங்க" என்று இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். சுலோச்சனா வந்து, "கொசு வருதுங்க, யாராச்சும் ஒருத்தர் வாங்க" என்று சொன்ன பிறகுதான் வாசலைத் தாண்டினோம்.

சம்பந்தி என்பது ஒரு தினுசான உறவு. கூடப்பிறந்தவனிடம் "மடையா" என்று சொல்லலாம். சம்பந்தியிடம் உங்கள் வேட்டியில் காபி கொட்டியிருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. கொட்டித்தான் இருந்தது. மதியம்வரை அப்படியே இருந்தார்.

சுலோச்சனா அவருக்காக வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டிருந்தாள். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். மேலும் வைத்தாள், அதையும் சாப்பிட்டார். மறுபடி வைக்கப்போனபோது மனிதர் முகம் என்னமோ மாதிரி ஆனது, ஆனாலும் "நல்லாருக்குதுங்க" என்று சொல்லி அதையும் முடித்தார். பிறகு தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, "சம்பந்தி, நான் வந்தது என்னன்னா" என்று ஆரம்பித்தார்.

"நந்துவோட வேன் சும்மாவே கெடக்குதுங்க" என்றேன். "கொல்லிமலைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாமுங்களா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கொல்லிமலை போனதே கிடையாது. நந்து எத்தனையோ தடவை கூப்பிட்டும் போகவில்லை. சுலோச்சனா சமையலறை வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். சம்பந்தி மென்று விழுங்கி, "போலாமுங்களே" என்றார். சம்பந்தி கூப்பிட்டால் வேறு என்ன சொல்ல முடியும்.

மூன்று மணிக்கு மிருதுளா போன் செய்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செய்வாள், இரண்டு வருடமாக ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. "மாமா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. போட்டேன் என்றேன்.

"அப்பா ஏதாச்சும் சொன்னாருங்களா மாமா?"

"கச்சாயம் நல்லாருக்குன்னு சொன்னாரு அம்முணி."

சாயங்காலம் வேனுக்கு பேட்டரி சார்ஜ் ஏற்றினேன். பின்சீட்டை எடுத்துவிட்டு நந்து மெத்தை போட்டிருந்தான். அடியில் அவனுடைய மலை ஏறும் ஷூ கிடந்தது. அவனுக்குப் பத்தாம் நம்பர், எனக்கு எட்டு. நுனியில் பழைய துணியை அடைத்து, இரண்டு சாக்ஸ் போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினோம். சம்பந்தியிடம் மாற்று வேட்டி ஒன்று, துண்டு ஒன்று. என் பையில் மிச்சக் கச்சாயத்தை சுலோச்சனா பொட்டலம் கட்டி வைத்துவிட்டாள்.

வேனின் இடதுபக்கக் கதவு உள்ளே இருந்து திறக்காது. நிறுத்தும்போதெல்லாம் நான் இறங்கிச் சுற்றிப்போய் அவருக்குத் திறந்துவிட்டேன். அவருக்கு அது பொறுக்கவில்லை. திருச்செங்கோட்டில், "நான் ஓட்டறனுங்க, நீங்க உக்காருங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் இறங்கிச் சுற்றிவந்து எனக்குத் திறந்தார்.

மெதுவாக ஓட்டுகிறார். டிராக்டர் எங்களை முந்தியது. சின்னப் பெண் ஒருத்தி சைக்கிளில் முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ராசிபுரத்தில் வலதுபக்கம் திரும்ப வேண்டும். பலகையே இருக்கிறது. அவர் நேராகப் போனார். அவருக்குத் தெரிந்த குறுக்குவழியாக இருக்கும் என்று பேசாமல் இருந்தேன். நாமகிரிப்பேட்டை வந்தது. மலை எங்களுக்கு வலதுபக்கம் ஒதுங்கி நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "காத்து நல்லா வருதுங்க" என்றார். "ஆமாமுங்க" என்றேன். ஆத்தூர் வந்துவிட்டது.

ஆத்தூரில் டீக்கடையில் நின்று, "இங்க ஒரு லாட்ஜுல தங்கிட்டு, காலைல கல்வராயன் மலையப் பாத்துட்டுப் போலாமுன்னு நினைச்சனுங்க" என்றார். "நானும் அதையேதாங்க நினைச்சேன்" என்றேன். வழி தப்பியது இரண்டு பேருக்கும் ராசிபுரத்திலேயே தெரியும். அவர் ஓட்டும்போது நான் தப்பு என்று சொல்லக்கூடாது. நான் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது வண்டியைத் திருப்பினால் என்னைக் குற்றம் சொன்னதுபோல் ஆகிவிடும். அப்படித்தான் ஆத்தூர் வந்தோம்.

சுலோச்சனா போன் செய்தாள். "கேட்டாருங்களா?"

"அவரு வாயே திறக்கலை."

உண்மைதான். நாமகிரிப்பேட்டை தாண்டி ஒரு தடவை திறந்தார். அப்போது பார்த்து நான் ரேடியோ போட்டிருந்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

கல்வராயன் மலை. அருவிக்கு நடந்து போகிற பாதையை ஒரு கடைக்காரர் காட்டினார். கொஞ்ச தூரம்தான் என்றார். மலையில் இருப்பவர்களுடைய கொஞ்சம் வேறு, நம்முடைய கொஞ்சம் வேறு.

பாதி வழியில் மூச்சு வாங்கியது. அவர் நிற்பார், நானும் நிற்கலாம் என்று பார்த்தேன். அவர் நிற்கவில்லை. நான் நிற்பேன் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. இப்படியே இரண்டு கிழவர்களும் ஓட்டமும் நடையுமாக அருவிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே குளித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் எங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

பாறையில் உட்கார்ந்ததும், "சம்பந்தி, மிருதுளா விஷயமா" என்றார்.

"குரங்கு" என்றேன்.

குரங்கு உண்மையிலேயே இருந்தது. அவருடைய துண்டை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. நான் சொன்னது வேறு குரங்கை, தூரத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததை. துண்டு போனதற்கு நான்தான் காரணம் என்று மனது உறுத்தியது, வழியில் கடை பார்த்துப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டார்.

குதிகாலில் கொப்புளம். ஷூ நல்ல ஷூதான்.

சாயங்காலம் சுலோச்சனா கேட்டாள். இல்லை என்றேன். "அந்த மனுஷன் கேக்க மாட்டீங்கறாரா, நீங்க கேக்க விட மாட்டீங்கறீங்களா?" என்றாள். சிக்னல் சரியாக இல்லை.

நவம்பர் 20, புதன்

மழை. லாட்ஜ் அறையிலேயே இருந்தோம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் டிவி பார்த்தேன். ஊருக்குத் திரும்பலாம் என்று அவர் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டு, நாளைக்குக் கொல்லிமலை என்றேன்.

நவம்பர் 21, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

விடிந்ததும் கிளம்பினோம். நான் ஓட்டினேன். காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். முதல் பத்து வளைவுவரை அவர், "நல்லா ஓட்டறீங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டார். முப்பதில் எனக்கே தலை சுற்றியது. வண்டியை நிறுத்தி, "வியூ பாக்கலாமுங்க" என்றேன். அவர் இறங்கிப்போய் வியூ பார்த்துக்கொண்டே ஓரமாக வாந்தி எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "அருமையான வியூங்க" என்றார்.

இந்த வளைவுகளைப் பற்றி நந்து பேசாத நாள் கிடையாது. "அப்பா, ஒரே ஒரு தடவை வாங்கப்பா, ஐம்பதாவது வளைவுல நிறுத்திக் காட்டறேன்" என்பான். எனக்கு லீவு கிடைக்காது. லீவு கிடைத்தால் தூங்குவேன். ஐம்பதாவது வளைவில் நிறுத்தினேன். கீழே வயல்வெளி, ஏரி, மேகத்தின் நிழல். நன்றாகத்தான் இருந்தது.

மேலே கடையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்றார்கள். மூட்டுக்கு நல்லதாம். "நீங்க குடிங்க", "நீங்க முதல்ல". ஆறிப்போனதைக் குடித்தோம். இட்லி சாப்பிடலாமா என்று கேட்டேன். அவர், "உங்களுக்குப் பசிச்சா" என்றார். எனக்குப் பசியில்லை, அதனால் வேண்டாம் என்றேன். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆகாயகங்கை அருவிக்குக் கோயில் பக்கத்திலிருந்து கீழே படி இறங்குகிறது. ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்றார்கள். இறங்குவது சுலபம், அதுதான் வில்லங்கம். கீழே போய் அருவியைப் பார்த்தோம். சாரல் முகத்தில் அடித்தது. அவர் ஏதோ பேசினார், அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று காதில் கை வைத்துக் காட்டினேன். கேட்டது. "உங்க வாயால ஒரு வார்த்தை" என்று கேட்டது.

திரும்பி ஏறினோம். நான் முன்னால், அவர் பின்னால். படி செங்குத்தாக இருந்ததால் அவர் தலை என் கால் மட்டத்தில் இருந்தது. கொப்புளம் உடைந்து சாக்ஸ் ஒட்டிக்கொண்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். பாதி தூரம் வந்திருப்போம். பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவாப் போங்க மாப்பிள்ளை."

திரும்பினேன். தெய்வசிகாமணி படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முழுக்க வேர்வை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மிருதுளா காத்திட்டிருப்பா மாப்பிள்ளை" என்றார். பிறகு மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

மின்வாரியத்தில் கம்பத்திலிருந்து விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் பதறியதில்லை. இன்றைக்கு எனக்குக் கை கால் ஓடவில்லை. மேலே இருந்து இறங்கி வந்த ஒரு பெண், "அவருக்கு சுகருங்களா? ஏதாச்சும் இனிப்பு குடுங்க" என்றாள். பையில் கச்சாயம் இருந்தது. பிட்டுப் பிட்டு வாயில் வைத்தேன். மென்றார். தண்ணீர் கொடுத்தேன். அந்தப் பெண் விசிறிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க சம்பந்தி" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"யோவ், சர்க்கரை இருக்குதுன்னு சொல்ல வாயில்லையாய்யா உனக்கு? மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தியா? அன்னிக்கு எங்க ஊட்டுல தட்டுத் தட்டா கச்சாயம் தின்னியே, அப்பவாவது சொல்ல வேண்டாமா?"

படியில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். என் ஆயுசில் சம்பந்தியை ஒருமையில் பேசுவேன் என்று நினைத்ததில்லை.

"சம்பந்தி ஊட்டுல வெச்சத எப்பிடிங்க வேண்டாங்கறது" என்றார். பிறகு அவருக்கும் குரல் உயர்ந்தது. "நீங்க மட்டும் சொன்னீங்களா? அந்த ஷூ உங்க காலைக் கடிக்குது. செவ்வாக்கிழமையிலிருந்து நொண்டறீங்க. அது யாரு ஷூன்னு எனக்குத் தெரியாதுங்களா? எங்க ஊட்டு வாசல்ல எத்தனை தடவை கழட்டி வெச்சிருக்காரு."

நான் குனிந்து ஷூவைப் பார்த்தேன்.

"வாரம் பூரா என்னை மலை மலையா ஏத்தறீங்க, நான் கேட்டுருவேன்னு. எனக்கு மட்டும் கேக்கோணும்னு ஆசையா? அவரு என்ர மாப்பிள்ளைங்க. பஸ்ஸுல வரும்போது பூராவும் பஸ் எங்காச்சும் நின்னு போயிராதான்னு இருந்துச்சு. ஆனா அந்தப் புள்ளைக்கு முப்பது வயசு ஆகலீங்க."

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விசிறியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். விசிறி என்றால் அவள் அர்ச்சனைத் தட்டின்மேல் மூடி வைத்திருந்த அட்டை.

நான் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. மறுபடி மரியாதையாகவே பேச வந்தது. "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு போன் அடிக்குமுங்க" என்றேன். "வாரம் பூராவும் அதுக்குத்தான் உக்காந்திருப்பேன். நந்துவப் பத்திப் பேசறதுக்கு எங்களுக்கு வேற யாருமில்லீங்க. சுலோச்சனாவும் நானும் பேசறதில்லை. பேசுனா ரெண்டு பேருமே அழுகோணும். மிருதுளாகிட்டத்தான், அவனுக்கு இது புடிக்கும், அது புடிக்கும்னு சொல்லிக்குவேன். அவ வேற ஊட்டுக்குப் போயிட்டா, அவன் இருந்தான்னு சொல்ல எங்களுக்கு யாரு இருக்கா?"

அவர் தன்னுடைய புதுத் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதில் முகத்தைத் துடைத்தேன்.

"சரிங்க" என்றேன். "எனக்குச் சம்மதம். ஆனா அவகிட்ட நானே வந்து சொல்றேன்."

மீதிப் படியை ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, யார் முதலில் நிற்பது என்று பார்க்காமல் ஏறினோம். மேலே வந்ததும் அவர் ஆறு இட்லி சாப்பிட்டார்.

சுலோச்சனாவிடம் சொல்லிவிட்டேன். "நல்லதுங்க" என்றாள். அவளும் அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது.

நவம்பர் 22, வெள்ளி

இறங்கும்போது எழுபது வளைவிலும், "பிரேக்கப் புடிங்க", "புடிச்சிட்டுத்தான் இருக்கேன்", "ஹாரன் அடிங்க", "காதுல விழலையா, அடிச்சேன்" என்று சண்டை. கரூர் தாண்டி ஒரு இடத்தில், "சம்பந்தி, தப்பான ரோட்ல போறீங்க" என்றார். திருப்பினேன். முதல் நாளே இப்படி இருந்திருந்தால் ஆத்தூரைப் பார்த்திருக்க மாட்டோம்.

தாராபுரம் போய்ச் சேரும்போது சாயங்காலம். வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். கழற்றும்போது எனக்கு அந்த நினைப்பே வரவில்லை, காலை விட்டால் போதும் என்று இருந்தது. மிருதுளா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

கைப்பையைத் தோளில் மாட்டியபடியே நின்றிருந்தாள். சுவரோரம் ஷூ இருந்தது, சேறு அப்பி, ஒன்று நேராகவும் ஒன்று சாய்ந்தும். அவனும் லேஸை அவிழ்க்காமல் அப்படித்தான் உதறிவிட்டு வருவான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் குனிந்து உட்கார்ந்தாள். லேஸை மெதுவாக அவிழ்த்தாள். நுனியில் நான் அடைத்திருந்த துணியை எடுத்துப் பார்த்தாள்.

"மாமா, இது உங்களுக்குப் பெருசுங்களே."

"ஆமா அம்முணி, பெருசுதான்."

படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துபோனது. "பல்லடத்துக்கு நான் சரின்னு சொல்லீட்டேன்" என்றேன். "அவன் இருந்தா உன்னைய இப்பிடி உக்கார விட்டிருக்க மாட்டான். அவனுக்கு யாரும் சும்மா உக்காந்திருந்தா புடிக்காது."

அவள் தலையை ஆட்டினாள். ஷூவைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"கல்யாணத்துக்கு வருவீங்களா மாமா?"

"எந்தப் பக்கம் உக்காரட்டும்?"

"எங்க பக்கம்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

இரவுச் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது வாசலில் ஷூ இல்லை. சம்பந்தி தன்னுடைய ரப்பர் செருப்பைக் கொடுத்தார், அதைப் போட்டுக்கொண்டு பவானி வந்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மூன்று மணிக்கு போன் வந்தது. தை இருபதாம் தேதி, ஞாயிறு, கோயிலில் வைத்துக் கல்யாணம். கொப்புளம் ஆறிவிட்டது. வேனுக்கு இடதுபக்கக் கதவைச் சரிசெய்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நேற்று சாயங்காலமே நானும் சுலோச்சனாவும் தாராபுரம் போய்விட்டோம். மிருதுளாவின் அம்மா ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். உள்ளே ஷூ. கழுவிக் காயவைத்து, புது லேஸ் கோத்திருந்தது. மிருதுளா இனிமேல் அதைப் பல்லடத்துக்குக் கொண்டுபோக முடியாது அல்லவா. வேனில் மெத்தைக்கு அடியில், பழைய இடத்திலேயே வைத்தேன்.

இன்று காலை கோயில் மண்டப வாசலில் நானும் தெய்வசிகாமணியும் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றோம். என் கையில் பன்னீர்ச் செம்பு, அவர் கையில் சந்தனக் கிண்ணம். நான்கு வருடத்துக்கு முன்னால் நான் மாப்பிள்ளை வீட்டுக்காரனாக வந்து இறங்கினேன், அப்போது அவர் ஒருவர்தான் வாசலில் நின்று எனக்குச் சந்தனம் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் பெரிய மாமா ஒருவர், வெள்ளை மீசை, நல்ல மாதிரி. எல்லோரையும் விசாரித்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்று, "நீங்க பொண்ணுக்கு என்ன வேணுமுங்க?" என்றார்.

மிருதுளாவுக்கு முன்பே கல்யாணமானது அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கும் அவருடைய அப்பா அம்மாவுக்கும் தெரியும், ஊரைக் கூட்டிச் சொல்வானேன் என்று அவர்கள் விட்டிருப்பார்கள். என்ன முறை என்று நானும் யோசித்து வைக்கவில்லை.

"எங்க அண்ணனுங்க" என்றார் தெய்வசிகாமணி. "பொண்ணுக்குப் பெரியப்பா."

என் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். எனக்கு ஒரு இடம் வேண்டும் என்று, அவரிடம் இருந்த நல்ல இடத்தைக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அண்ணன் என்றால் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுப்பது கிடையாது. நான் அவளுக்குப் பெரியப்பா என்றால் நந்து அவளுக்கு அண்ணன். அவன் அவளைக் கட்டவே இல்லை. அந்த ஒன்றரை வருடம் நடக்கவே இல்லை. பன்னீர்ச் செம்போடு நின்று இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். மீசைக்காரர் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமாமுங்க" என்றேன். "வாங்க, பந்தி ஆரம்பிச்சாச்சு."

தாலி கட்டும்போது பெண் வீட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். சுலோச்சனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை நல்ல பையன். என் காலில் விழுந்தபோது தோளைத் தொட்டுத் தூக்கினேன், நல்லா இருங்க சாமி என்றேன், மனதார.

மூன்று மணி வாக்கில் பல்லடத்துக் கார் கிளம்பத் தயாரானது. மிருதுளா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தாள். சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள், மீசைக்காரரும் நின்றார். அவளுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள், இனிமேல் என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று. அவள் வாயைத் திறந்தாள், ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். மாமா என்றும் கூப்பிடவில்லை, பெரியப்பா என்றும் கூப்பிடவில்லை.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

"போட்டேன் அம்முணி."

போடவில்லை. வீட்டுக்கு வந்து, இதை எழுத உட்காரும் முன்தான் போட்டுக்கொண்டேன்.